வீடு வீடாக மன்னித்த கதை

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

உன் தம்பி, காலை ஜெபத்துக்கும் காலைப் பலகாரத்துக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் என் வீட்டுக்காரியும் சுகம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் எங்களைவிட ஒரு படி கூடுதல் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விண்ணப்பம். போன கடிதத்தில், "உனக்காகத்தான் தினமும் முழங்கால் போடுறேன், கர்த்தர் உன் சுபாவத்தை மாத்துவார்" என்று எழுதியிருந்தாய். மாற்றிவிட்டார் அக்கா. அந்த நன்றியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நடுவில் நடந்ததைச் சொல்லாமல் நன்றியை மட்டும் எழுதினால் உனக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. ஆகவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படி.

போன மாதம் எங்கள் போதகர் ஒரு பிரசங்கம் செய்தார். ஆவியானவர் நடத்துகிற வழியில் நடக்கிறவன் மனதில் கசப்பை வைத்து வளர்க்க மாட்டான், சபையாக அப்பம் வாங்கும் அடுத்த திருவிருந்துக்கு முன்னால் யாருக்கு யாரோடு மனத்தாங்கல் இருக்கிறதோ அவரவர் போய்ச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்றார். சபையில் எல்லாரும் பலமாகத் தலையை ஆட்டினார்கள், வீட்டுக்குப் போனார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். நான் ஒருவன்தான் மெனக்கெட்டேன். உனக்கே தெரியும், ஆயுசு முழுக்க ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். பெட்டிக்குள் காலை வைத்ததுமே டிக்கெட் இல்லாத முகம் எது என்று தெரிந்துவிடும். ஓய்வு பெற்றபோது ரயில் போனதே தவிர அந்தக் கண் போகவில்லை. மாடிவீட்டுக்காரர், கடைக்காரர், சபையார் என்று எல்லாருடைய குற்றமும் மனதில் வரிசையாக அடுக்கி இருந்தது. இத்தனையையும் சுமந்துகொண்டு எப்படிப் போய்த் திருவிருந்தில் நிற்பது? ஒவ்வொருவரையும் நேரில் போய் மன்னித்துவிடுவது என்று தீர்மானித்தேன். தீர்மானித்ததும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் மாடிவீடு. அங்கே தையல் டீச்சர் ஒருவர் குடும்பத்தோடு குடியிருக்கிறார். நாம் சற்றுக் கண் அயரும் நேரம் பார்த்து மேலே நாற்காலியை இழுப்பார்கள். கதவைத் திறந்த டீச்சரம்மாவிடம் கைகூப்பி, "உங்களை நான் மனசார மன்னிச்சுட்டேம்மா" என்றேன். அவர் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு, "எதுக்கு சார்?" என்றார். "நாற்காலி இழுக்குறதுக்கு." "எங்க வீட்ல நாற்காலியே கிடையாதே சார், தரையில உட்கார்ந்துதானே தைக்கிறோம்" என்று சொல்லி, என்னை உள்ளே கூட்டிப்போய் அறை அறையாகக் காட்டினார். நிஜமாகவே இல்லை. அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இறங்கியிருக்கலாம். "பரவாயில்ல, வேற ஏதாவது சத்தமா இருக்கும், அதையும் மன்னிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரமே அவர்கள் நாற்காலி வாங்கிவிட்டார்கள். இரும்பு நாற்காலி. இப்போதுதான் உண்மையாகவே இழுக்கிறார்கள்.

அடுத்தது சபை வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்று உட்காரவைக்கும் நர்ஸம்மா. ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கை குலுக்கினாலும் நாடி பார்ப்பது போலத்தான் பிடிப்பார். நாங்கள் பாடகர் குழுவினர் பாடி முடித்து இறங்கி வந்ததும் ஆளுக்கொரு இடம் காட்டுவார். எனக்கு மட்டும் எப்போதும் தூணுக்குப் பின்னால். "அந்தத் தூண் விஷயத்துல உங்கமேல எனக்கு வருத்தம் இருந்துச்சும்மா, இன்னையோட விட்டுட்டேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிரசங்கத்துல நீங்க தூங்கிடுறீங்க தம்பி. போதகர் கண்ணுல பட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான் அந்த இடத்தை உங்களுக்குன்னு பிடிச்சு வைக்கிறேன். வேணாம்னா முன்வரிசையில போடுறேன்" என்றார். வேண்டாம், தூணே இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்காரியை விட்டுவைத்தால் பாரபட்சம் ஆகிவிடுமே என்று அன்று மாலையே அடுப்படி வாசலில் நின்று, "உன்னையும் மன்னிச்சுட்டேன்" என்றேன். "எதுக்கு?" "பொதுவா." அவள் கழுவிக்கொண்டிருந்த தட்டைத் துடைத்து, அடுக்கி, கையைத் துடைத்துக்கொண்டு, "சரி. உங்க விஷயத்துல நான் இன்னும் முடிவு பண்ணலை" என்றாள். அதன் பிறகு கேட்டதற்கு மட்டும் பதில். அதுவும் "ம்" என்பதற்கு மேல் போகவில்லை.

இவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வந்ததா என்றால், இல்லை. இவர்களெல்லாம் ஆவிக்குரிய காரியம் புரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து நான் செய்ததுதான் அக்கா, உண்மையான பாவம். பாடகர் குழுவில் எனக்கு இடப்பக்கம் நிற்பவர் பிரிட்ஜ் மெக்கானிக். குரல் அப்படி இருப்பதால் எல்லாரும் அவரை இடி என்றுதான் கூப்பிடுவோம், அவரும் திரும்பிப் பார்ப்பார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை, தனியாள். பல வருடமாக என் இடது காதில்தான் பாடுகிறார். அவர் சுருதி விலகுகிறது, அதனால்தான் என் பாட்டும் எடுபடவில்லை என்பது என் மனத்தாங்கல். பயிற்சி நடுவே டீ குடிக்கும்போது, குழுவே சுற்றி நிற்க, அவர் தோளில் கை போட்டு, "தம்பி, இத்தனை வருஷமா நீங்க சுருதி தப்பிப் பாடி என்னைக் கெடுத்ததையெல்லாம் இன்னைக்கு மன்னிச்சுட்டேன்" என்றேன். பெண்கள் வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. "சரிங்கண்ணே" என்றார். பாதி டீயோடு கோப்பையை வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிறு அவர் வரவில்லை. அடுத்த பயிற்சிக்கும் இல்லை, அடுத்த ஞாயிறும் இல்லை. போதகர் போன் செய்தால் வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் வரிசையில் என் இடப்பக்கம் ஓர் ஆள் அளவு காலி. ஆராதனையில் நான் பாடினேன், பாடப் பாட முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். முடிந்ததும் எங்கள் குழுவை நடத்தும் பியானோ டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வயதில் என் மகள் மாதிரி, கண்டிப்பில் என் பழைய மேலதிகாரி மாதிரி. "சார், சுருதி தப்புறது அவர் இல்ல, நீங்க. உங்களை இழுத்துப் பிடிக்கத்தான் அவரை உங்க காதுகிட்ட நின்னு பாடச் சொன்னேன். இதை அவர்கிட்ட மட்டும் கேட்டுடாதீங்க, பாவம், சங்கடப்படுவார்" என்றார். அக்கா, எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இத்தனை நாளாக ஒரு மனிதர் என்னைச் சுமந்திருக்கிறார், அதற்கு நான் அவரை மன்னித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தேன். திருவிருந்து வாரம் நெருங்கிவிட்டது. அந்தக் காலியிடத்தை என் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படி அப்பத்தை வாங்க முடியும்? முழங்கால் போட்டேன். வழக்கமாக என் ஜெபம் மற்றவர்களைப் பற்றிய புகாராகத்தான் இருக்கும். அன்று ஒரு புகாரும் வரவில்லை. "ஆண்டவரே, ஆவியில நடக்கிறேன்னு நினைச்சுக்கிட்டு ஆணவத்துல நடந்து விழுந்துட்டேன், எழுப்பி விடும்" என்றுதான் வந்தது. எழுந்து பார்த்தால் வீட்டுக்காரி கதவருகே நிற்கிறாள். "போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. குடுக்கப் போகாதீங்க, கேக்கப் போங்க" என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முழு வாக்கியம் அது.

போனேன். இஸ்திரிச் சட்டையெல்லாம் இல்லை. இடியின் பட்டறை ஒரே அறை. கதவில்லாத பிரிட்ஜ்கள் ஒருபக்கம், பிரிட்ஜ் இல்லாத கதவுகள் ஒருபக்கம். அவர் ஒரு கதவுக்குப் புது ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் நான் தயார் செய்து வந்த பேச்சைத் தொடங்குவதற்குள், "அண்ணே, இந்தக் கதவைக் கொஞ்சம் பிடிங்க, ரப்பர் நழுவுது" என்றார். பிடித்தேன். கதவுக்கு அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் நான். முகம் தெரியாதது வசதியாகத்தான் இருந்தது. "தம்பி, என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

"எதுக்குண்ணே?"

இதே கேள்வியை என்னிடம் எத்தனை பேர் கேட்டார்கள். அப்போதெல்லாம் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. இப்போது தேடிப் பிடித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. "எல்லாரையும் எடைபோட எனக்கு உரிமை இருக்குன்னு நினைச்சேன். உங்களைப் பத்துப் பேர் முன்னாடி தலைகுனிய வச்சேன். அதுக்கு" என்றேன். அவர் கொதிநீரில் துணியை நனைத்து ரப்பரில் ஒற்றிக்கொண்டே இருந்தார். அப்புறம், "கோவம் இல்லண்ணே. வீட்ல பேச ஆள் கிடையாது. பயிற்சிக்கு ஒரு நாள், ஞாயித்துக்கிழமை ஒரு நாள், அப்பதான் என் குரல் வெளியவே வருது. அதுவும் ஒருத்தருக்கு உபத்திரவம்னு தெரிஞ்சப்புறம் எப்படி வந்து வாயைத் திறக்குறது?" என்றார். அக்கா, நான் கதவைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன். "நீங்க வரலைன்னா நான் பாடமாட்டேன் தம்பி" என்றேன். "கதவை ஆட்டாதீங்கண்ணே" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை. வேலை முடிந்ததும், ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை ஒருமுறை பாடிப் பார்க்கலாமா என்று அவரே கேட்டார். பாடினோம். பிரிட்ஜை வாங்க வந்தவர் பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டார், பாட்டுக்காகவா பயத்தாலா என்று கேட்கவில்லை.

திருவிருந்து ஞாயிறு அவர் வந்தார். நர்ஸம்மா அவர் கையை ரொம்ப நேரம் விடவில்லை. பாடும்போது என் இடது காதில் அந்தக் குரல் விழுந்ததும், இது எனக்கு இத்தனை நாள் கிடைத்துக்கொண்டிருந்த தயவு என்று தெரிந்து பாடினேன். அப்பத்தை வாங்கும்போது ஒன்று தோன்றியது. வாழ்நாளெல்லாம் நான் டிக்கெட் இல்லாதவர்களை இறக்கிவிட்டவன். இந்தப் பந்தியில் நானே டிக்கெட் இல்லாமல் ஏறியவன், யாரும் என்னை இறக்கிவிடவில்லை. ஆண்டவருக்கும், உன் முழங்காலுக்கும், தூணுக்கும், இடிக்கும் நன்றி சொல்லிக்கொண்டே இடத்தில் போய் உட்கார்ந்தேன். அன்று தூங்கவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரி, "முடிவு பண்ணிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எனக்குப் பெரிய துண்டாக மீன் வைத்தாள்.

ஆகவே அக்கா, இனி நான் யாரையும் தேடிப்போய் மன்னிப்பதில்லை. அந்த வேலையை அதற்குத் தகுதியுள்ளவரிடமே விட்டுவிட்டேன். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உன் வாசலுக்குள் வருகிற ஒவ்வொருவரோடும் சமாதானமும் சேர்ந்து வரட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அன்புத் தம்பி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் இடி வந்துவிட்டார். அவரைப் பற்றி எழுதியிருப்பதால் மரியாதைக்குப் படிக்கக் கொடுத்தேன். பியானோ டீச்சர் சொன்ன இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். "அண்ணே, டீச்சர் என்கிட்ட வேற மாதிரியில்ல சொன்னாங்க. எனக்குச் சுருதி நிக்காது, நீங்க சுத்தமா பாடுறீங்க, உங்களைக் கேட்டுப் பாடணும்னுதான் என்னை உங்க பக்கத்துல நிக்க வச்சாங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னும் சொன்னாங்க" என்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இத்தனை வருடம் சேர்ந்தே தப்பிப் பாடியிருக்கிறோம். பிறகு டீச்சரை மனதார மன்னித்துவிடுவது என்று இருவரும் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறோம். நேரில் போய்ச் சொல்லிவிடுவதுதான் முறை என்கிறார் இடி. போகிற வழியில் இதைத் தபாலில் போட்டுவிடுகிறேன்.