ஆனைக்குக் கொடுத்த பலாப்பழம்

இந்தச் சீசன்ல ஒரு முழுப் பலாப்பழத்தை நான் ஒருத்தனே தின்னுடறதுன்னு முடிவு பண்ணினேன். சுகர் முன்னூறு. டாக்டர் ஒரு சுளைகூடக் கூடாதுன்னுட்டார். டாக்டரை ஏமாத்திடலாம். என் சம்சாரம் ரஞ்சனியை?

கீழ் கோத்தகிரியில பலா பழுத்தா வாசத்துக்கே ஆனை வந்துடும். எனக்கு அதுதான் வழி. அடுப்படியில ஒரு வருக்கைப் பழம் மணத்துக்கிட்டுக் கிடந்துச்சு. காலையில தேயிலை பேக்டரிக்குக் கிளம்பும்போது மெதுவா ஆரம்பிச்சேன்.

"ரஞ்சனி, கீழ் லைன் ஊடுங்க பக்கம் ஆனை நிக்குதாம். பழம் ஊட்ல இருந்தா செவுத்தை இடிச்சுரும்."

"இப்ப என்னங்க பண்றது?"

"மத்தியானம் வந்து நானே பள்ளத்துல வீசிட்டு வந்துடறேன்."

"ஆனை நிக்கற பக்கம் நீங்க ஏனுங்க போகோணும்?"

"பின்ன, குடும்பத் தலைவன்னு எதுக்கு இருக்கேன்?"

அவ கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சு. எனக்கே என் மேல மரியாதை வந்துருச்சு.

மத்தியானம் பழத்தைச் சாக்குல போட்டுக் கட்டி ரெடியா வச்சிருந்தா. சோறுகூடத் தின்னாம தூக்கிட்டு ஓடினேன். பள்ளத்துக்கு இல்லீங்க, மேல தேயிலைக் காட்டுப் பாறைக்கு. என்ன கனம்! ஒரு மைல் ஏத்தம். இத்தனை சுளையான்னு சந்தோசத்துல மூச்சு வாங்குச்சு.

பாறை மறைவுல உக்காந்து, கையில தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டு, சாக்கைப் பிரிச்சேன். கத்தி வைக்கறதுக்கு முன்னாடியே பழம் ரெண்டாப் பொளந்துச்சு. முன்னாடியே ரெண்டா வெட்டி, கோணி ஊசியால தச்சு வச்சிருந்த பழம் அது.

ரெண்டு பாதியையும் விரிச்சுப் பார்த்தேன். உள்ளே ஒரு சுளை இல்ல. ஒரு கொட்டைகூட இல்ல. கனத்துக்கு ஒரு கருங்கல். பக்கத்துல தூக்குப்போசியில ராகிக் களி, பாவக்காய்ப் பொரியல். மேல காகிதத்துல மடிச்சு என் மத்தியான மாத்திரை.

பழம் போச்சு. ஆனாலும் பசி. அழுதுக்கிட்டே களியைத் தின்னேன்.

ஊட்டுக்கு வந்தா, பக்கத்து ஊட்டு ராபியா விரல்ல ஒட்டின பலாப்பாலைத் துடைச்சுக்கிட்டு இருக்கு. அடுப்புல பலாக்கொட்டை வேகுது. ராபியா புருசன் தாவூத், ஆனை வந்தா ஊருக்கே போன் போடற பாரஸ்ட் வாட்சருங்கறது அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

ரஞ்சனி சிரிக்கவே இல்ல. தண்ணிச் சொம்பை நீட்டினா.

"ஏனுங்க, ஆனை பழத்தைத் தின்னுச்சுங்களா?"

"தின்னுச்சு."

"மாத்திரை போட்டுக்கிச்சுங்களா?"