நாயக்கர் மகாலில் கொழுந்து நிறுத்த கதை

எந்த ஊருக்குப் போனாலும் மனிதன் தன் ஊரையும் கூடவே தூக்கிக்கொண்டுதான் போகிறான். சுங்க அதிகாரி பெட்டியைக் குடைந்து பார்த்தாலும் அது அகப்படாது. என்னுடையது அகப்பட்டது மதுரையில், திருமலை நாயக்கர் மகாலில், மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

கல்யாணமான புதிது. மனைவி கவிதா, கொழும்பில் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். நான் றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வசிக்கும் லயத்து அறையில் பிறந்து வளர்ந்து, ஹட்டனில் வங்கி வேலைக்கு வந்தவன். மாமி பெண்ணைக் கொடுத்துவிட்டாரே தவிர, "தோட்டத்து ஆளுங்களுக்கு நாலு எடத்துல பழக யாரு சொல்லிக் குடுத்திருக்கா" என்று யாரிடமோ போனில் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. சுருக்கென்று தைத்தது. கோயில் பார்க்க இரண்டு குடும்பமும் சேர்ந்து இந்தியா போனபோது, ஊர் திரும்புவதற்குள் மாமி வாயாலேயே என்னைப் பாராட்ட வைப்பது என்று சபதம் எடுத்துக்கொண்டேன்.

அதற்காகவே ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். (மகாலுக்குள்ளும் அதைக் கழற்றவில்லை. படி தெரியாமல் தடுக்கி விழப் பார்த்தது தனிக்கதை.) அம்மாவிடமும் வாசலிலேயே சொல்லி வைத்தேன்.

"உள்ள வந்து கொழுந்து, கங்காணின்னு எதுவும் பேசிக்கிட்டு இருக்காதீங்கம்மா."

"நான் ஏன்டா பேசப் போறேன். இந்த வெயில்ல மூச்சே வரமாட்டேங்குது" என்றார் அம்மா, ஸ்வெட்டரைக் கழற்றாமலே.

முற்றத்தைச் சுற்றி நின்ற அந்தப் பிரமாண்டமான தூண்களைக் காட்டி விளக்க ஆரம்பித்தேன். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசினார்களாம் என்று, போனில் படித்ததை என் சொந்தச் சரக்கு போல எடுத்துவிட்டேன். மாமி "அப்புடியா?" என்றார். அன்று காலையிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. நான் தரையில் இல்லை.

அப்போதுதான், தூணைக் கட்டிப்பிடிக்கப் போன பள்ளிக்கூடப் பிள்ளைகளை விரட்டக் காவலாளி விசில் அடித்தார்.

பிறகு நடந்ததற்கு என் மூளை பொறுப்பில்லை, கால்கள்தான் பொறுப்பு. பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை அம்மாவோடு மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவன் நான். எங்கள் தோட்டத்தில் கங்காணி விசில் அடித்தால், பறித்த கொழுந்தை நிறுக்கும் நேரம். போட்டது போட்டபடி ஓடி வரிசையில் நின்று, பேரைச் சொல்லி எடையை எழுதிக்கொள்ளச் சொல்ல வேண்டும். பிந்தினால் ஏச்சு விழும்.

மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு, முற்றத்தைக் குறுக்கே கடந்து ஓடி, காவலாளி முன்னால் விறைத்து நின்றேன். கண்ணாடி எங்கோ விழுந்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சிரைப்பது கேட்டது. அம்மா. துணிப்பையைக் கொழுந்துக் கூடையைப் போல முதுகில் போட்டிருந்தார்.

"என்ன சார் வேணும்?" என்றார் காவலாளி.

"சிவகுமார்" என்றேன்.

"யாரு சார் அது?"

"நான்தாங்க."

"சரி. அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. முழுங்கிவிட்டுத் திரும்பினால், அம்மாவுக்குப் பின்னால் ஒரு வரிசையே நிற்கிறது. சுற்றுலா வந்த யார் யாரோ எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் கடைசியில், கைப்பையை மார்போடு அணைத்தபடி மாமி.

"நீங்க எதுக்கு மாமி நிக்கிறீங்க?"

"எனக்கு எப்புடித் தெரியும்? க்யூவக் கண்டா மொதல்ல எடத்தப் புடிக்கணும், எதுக்குன்னு அப்புறம் கேட்டுக்கலாம். நாட்டுல கேஸ் இல்லாமப் போனப்ப, சிலிண்டரோட விடிய விடிய நின்ன பழக்கம்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "முன்னால என்ன குடுக்குறாங்க?" என்றார்.

"ஒண்ணும் குடுக்கல சம்மந்தி. விசில் அடிச்சாங்க, கொழுந்து நிறுக்க வந்துட்டோம்" என்று அம்மா உள்ளதைப் போட்டு உடைத்தார்.

முடிந்தது என்று நினைத்தேன். மாமி அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் கைப்பையையும் பார்த்தார். பிறகு பக்கத்துப் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மாவும் அருகில் உட்கார்ந்து சிரித்தார்.

"தெனமும் இப்புடித்தான் ஓடுவீங்களா சம்மந்தி?"

"மழையிலயும் ஓடணும். அட்டை வேற கடிக்கும்."

மாமியின் சிரிப்பு மெல்ல நின்றது. "எனக்கு அந்தக் கேஸ் க்யூவே தாங்கலங்க" என்று சொல்லி, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து முதலில் அம்மாவிடம் நீட்டினார். இந்த அம்மாவையா வாயைத் திறக்காதே என்றேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

மாமி இப்போது லீவு என்றால் ஹட்டனுக்குப் பக்கத்தில், கொட்டகலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார். அடுப்பில் குக்கர் சத்தம் போட்டால் போதும், "மாப்பிள்ள, விசில் அடிச்சாச்சு" என்று குரல் கொடுப்பார். நான் இப்போதெல்லாம் ஓடுவதில்லை. ஆனால் எப்படியோ எழுந்து நின்றுவிடுகிறேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் அம்மா நிற்பார். அவருக்குப் பின்னால், கையில் தட்டோடு மாமி.