மெமரி போட்டால்தான் மாமியார் படம்!

இந்த முறை வளைந்து கொடுப்பதே இல்லை என்று வியாழக்கிழமை காலைக் காபியிலேயே தீர்மானித்துவிட்டேன். வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கூடுதல் மெமரி போட்டாக வேண்டும். போடாவிட்டால் மாமியார் படம் கிடையாது!

மாமியாருக்கு எழுபது வயது நிறைகிறது. ஞாயிற்றுக்கிழமை காபி விருந்து. அவருடைய பழைய போட்டோக்களைக் கோத்து, பாட்டுச் சேர்த்து, ஒரு சின்னப் படமாக்கித் தருகிறேன் என்று கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மயக்கத்தில் வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை; தூலிக்கி கேட்டால் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று புலம்புவதோடு சரி. எப்படிப் போவது? எங்கள் ஊர் குவோப்பியோவில் குளிர்காலம் முழுக்க ஐஸ் ஹாக்கி. சனிக்கிழமை இறுதி ஆட்டம். கீழ்வீட்டு நண்பன் ஒஸ்மோவின் சோபாவில், டிவிக்கு முன்னால், என் இடம் தயாராக இருந்தது.

என் மனைவி தூலிக்கி பிளாஸ்டிக் பையைக்கூடக் கழுவிக் காயப்போடுகிறவள். மெமரிக்குக் காசு அவிழ்ப்பாளா? மாட்டாள். அவள் மறுப்பாள், நான் பெருமூச்சு விடுவேன், படம் அந்தரத்தில் நிற்கும், நான் ஆட்டம் பார்ப்பேன். திட்டம் எப்படி?

"தூலிக்கி, இந்தக் கம்ப்யூட்டர் நத்தை மாதிரி நகருது. மெமரி பத்தலை."

"கம்ப்யூட்டருக்கா?"

"பின்னே எனக்கா?"

"சும்மா கேட்டேன். போடணுமா வேண்டாமான்னு நாளைக்கு சவ்னால பேசிக்கலாம்."

எங்கள் குடியிருப்பின் பொது நீராவிக் குளியலறையான சவ்னாவில் வெள்ளிக்கிழமை மாலை எங்கள் முறை. எங்கள் வீட்டுப் பெரிய விஷயமெல்லாம் அந்தச் சூட்டில்தான் முடிவாகும். சவ்னாப் பலகையில் உட்கார்ந்து சொன்ன வார்த்தையை வெளியே வந்து மாற்றக் கூடாது. கல்யாணமான புதிதில் நானே போட்ட சட்டம்!

நான் மேல் பலகையில் கம்பீரமாக உட்கார்ந்தேன். அவள் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில். அந்த இடத்தின் மகிமை எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"மெமரி போட்டா படம் முடிஞ்சுடுமா?"

"பார்க்கலாம்."

அவள் கையிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் அடுப்பில் பழுத்த கல்மேல் விழுந்தது. உஸ்ஸ்! ஆவி நேராக வந்து என் காதைப் பிடித்தது.

"பார்க்கலாம்னா என்ன அர்த்தம்?"

"முடிய வாய்ப்பு இருக்கு."

இன்னொரு கரண்டி.

"முடிஞ்சுடும்! சத்தியமா முடிஞ்சுடும்!"

"எப்ப?"

இல்லாத மெமரிக்குத்தானே வாக்கு! தாராளமாக அள்ளி வீசினேன்.

"மெமரி மட்டும் இருந்தா நாளைக்கே உட்கார்ந்து முடிச்சுட்டுத்தான் எழுந்திருப்பேன். ஹாக்கியாவது ஒண்ணாவது!"

தூலிக்கி கரண்டியை வாளியில் போட்டாள்.

"அப்ப நாளைக்கே உட்காருங்க. மெமரி போட்டு ரெண்டு வாரமாச்சு."

எனக்கு வியர்வை நின்றுவிட்டது. சவ்னாவுக்குள் வியர்வை நின்ற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"யாரு போட்டா?"

"நான்தான். நீங்க ஒஸ்மோ வீட்டுல கத்திட்டிருந்தப்ப. மூடியைக் கழட்டினேன், தூசியைத் தட்டினேன், சொருகினேன், மூடினேன். இப்பப் பறக்குது."

"பை கழுவுறவ நீ! உனக்கு எப்படிக் காசு எடுக்க மனசு வந்தது?"

"எங்கம்மாவுக்குன்னா வரும்."

"நேத்துகூட நத்தைன்னு சொன்னேனே!"

"சொன்னீங்க. ஆன் பண்ணாமலே சொன்னீங்க."

கோபம் வர வேண்டிய இடம்தான். எனக்கோ பெருமையாக இருந்தது. இரண்டு வாரமாக என் புலம்பலை உச்சுக்கொட்டிக் கேட்டிருக்கிறாள். உதட்டோரம்கூட ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கவில்லை! நான் பெருமூச்சு விட்டபோதெல்லாம் "பாவம், காபி வேணுமா?" என்றுகூடக் கேட்டாள். என்ன பொறுமை, என்ன தலை! இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்ட எனக்கும் ஓரளவு மூளை இருக்கத்தான் வேண்டும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

உடுத்திக்கொண்டு வெளியே வந்தால், அடுத்த முறைக்காக ஒஸ்மோ தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தான். என் முகத்தை அவன் பார்த்த பார்வையே சரியில்லை.

"ஒஸ்மோ, நாளைக்கு நான் வர முடியாதுடா. என் இடத்தை வேற யாருக்காவது..."

"கொடுத்தாச்சுடா, வெய்க்கோ. போன வாரமே புக் ஆயிடுச்சு."

"யாருக்கு?"

அவன் என் தோளுக்குப் பின்னால் பார்த்தான். எனக்குப் பின்னால் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்த தூலிக்கிதான் சொன்னாள்:

"நீங்க நிம்மதியா எங்கம்மாவைப் பாருங்க. கோல் விழுந்தா கீழேயிருந்து கத்தறேன்."