தேர்வுக்கால மாத்திரைக்காரர்

வாசகரே, இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் தேர்வுக்கால மாத்திரைக்காரர். தேடி அலைய வேண்டாம். வீட்டுக்கு ஒருவராவது தேறுவார்.

எங்கள் வீட்டுக்கு என் அக்காவின் கணவர். போன வருடம் இதயக் குழாயில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். கொழுப்பைக் குறைக்கத் தினமும் ஒரு ஸ்டாட்டின் மாத்திரை, விடாமல் சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். அத்தான் காதில் விழுந்ததோ, ரத்தப் பரிசோதனையில் பாஸாக வேண்டும் என்பது மட்டும். ஆகவே பரிசோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மேசை டிராயரைத் திறந்து, மாத்திரை அட்டையைத் தூசி தட்டி, தண்ணீர் கேட்டு, கண்ணை மூடி விழுங்கி, எண்ணெய்ப் பண்டத்தை ஏறெடுத்தும் பாராத முனிவராகிவிடுவார். ரிப்போர்ட் நன்றாக வரும். அன்றே மாத்திரைக்கு விடுமுறை.

"அதான் நார்மல் ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு?"

மாத்திரையால்தானே ஐயா நார்மல்! கொழுப்பு தயாராகும் பட்டறை ஈரலில் இருக்கிறது. மாத்திரை அதன் வேகத்தைக் குறைக்கிறது. ரத்தத்தில் சுற்றும் கெட்ட கொழுப்பையும் ஈரலே இழுத்துக்கொள்ளும்படி செய்கிறது. மாத்திரையை நிறுத்தினால் பட்டறை பழையபடி ஓடாதா?

பக்கவிளைவுப் பயம் வேறு. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"தோள் வலிக்குது. இந்த மாத்திரை தசைவலி குடுக்கும்னு போட்டிருக்கான்."

"டிராயர்ல கெடக்குற மாத்திரை உங்க தோளுக்கு எப்படிங்க வந்துச்சு?" என்றாள் அக்கா.

சிலருக்குத் தசைவலி வரத்தான் செய்யும். டாக்டரிடம் சொன்னால் பார்த்து, தேவைப்பட்டால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். அத்தான் சொல்வாரா? சொன்னால், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்பாரே!

போன வாரம் அத்தானுக்கு இருமலென்று மூவரும் டாக்டரிடம் போனோம். டாக்டர், வந்ததுதான் வந்தீர்கள் என்று ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டார். கொழுப்பு எகிறிக் கிடந்தது.

"மாத்திரை தினமும் சாப்பிடுறீங்கல்ல?"

"ஒரு நாள் விட்டதில்ல டாக்டர்!"

"அப்போ இந்த அளவு பத்தல. ரெண்டு மடங்காக்கிடலாம்" என்று பேனாவை எடுத்தார் டாக்டர்.

அத்தான் முகம் பேயறைந்தது போலானது. அப்போதும் உண்மையை ஒப்புக்கொள்வாரா? மானம் பெரிதல்லவா? அக்காதான் கைப்பையிலிருந்து பிரிக்காத அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இவர் பாஸாக வேணாம் டாக்டர். உயிரோட இருந்தா போதும்."

அத்தான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கும் கேலி மறந்துபோயிற்று.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். அதற்கு முன் உங்கள் மேசை டிராயரை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.