எண் குறைந்தவரே தலைவர்

“இன்னியோட முடிஞ்சுது! இனிமே இந்த வீட்டுக்கு நான்தான் தலைவன்!”

ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்த வாயோடு கண்ணாடியைப் பார்த்து வயர் சார் இப்படி ஒரு சபதம் போட்டார். கண்ணாடி மறுப்பு எதுவும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசாதது அது ஒன்றுதான்.

வயர் சார் என்பது ஆபீஸ் வைத்த பெயர். ஆபீஸ் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்துக் கட்டி மேய்ப்பது அவர் வேலை. நெட் ஓடினால் அவரை யாருக்கும் ஞாபகம் வராது. நின்றால் ஆளாளுக்கு வந்து திட்டிவிட்டுப் போவார்கள். மனைவி கணக்கு டீச்சர். வீட்டில் இருந்தபடியே ஆன்லைனில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார்.

வம்பு ஆரம்பித்தது போன மாதம், ஓர் எலியால். டீச்சர் அறைக்குப் போகிற வயரை அது கடித்துவைக்க, வகுப்பு பாதியில் அறுந்தது.

“ஊருக்கெல்லாம் வயர் போடுறீங்க. சொந்த வீட்டு வயர் எலிக்குப் பலகாரமா?”

சுருக்கென்று தைத்துவிட்டது மனுஷருக்கு. நெட் வயர்களைச் சொருகுகிற ஸ்விட்ச் பெட்டி ஹாலில் ஒன்று, டீச்சர் அறையில் ஒன்று, தன் அறையில் ஒன்று. ஹாலில் இருந்து இரண்டு அறைக்கும் ஏற்கெனவே வயர் உண்டு. ஒன்று அறுந்தாலும் இன்னொன்று இருக்கட்டுமே என்று, இரண்டு அறைக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வயரை இழுத்துச் சொருகினார். சொருகியதுதான் தாமதம், மூன்று பெட்டியின் விளக்குகளும் பேய் பிடித்தது மாதிரி துடித்தன. வீட்டு நெட் மொத்தமாகப் படுத்துவிட்டது. டீச்சரின் திரையில் பிள்ளைகள் எல்லாரும் திறந்த வாய் திறந்தபடி உறைந்து நின்றார்கள்.

“என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

“லூப் ஆயிடுச்சு. மூணு பேர் வட்டமா கைகோத்து நிக்கிறோம்னு வெச்சுக்கோ. நான் ஒரு சேதியை உன்கிட்ட சொல்றேன். நீ அடுத்தவர்கிட்ட சொல்றே. அவர் என்கிட்ட சொல்றார். நான் மறுபடி உன்கிட்ட. நிறுத்த ஆளே கிடையாது.”

“உங்க அக்கா போன் பண்ற மாதிரின்னு சொல்லுங்க.”

அதைக் காதில் வாங்காத பாவனையில் அவர் தொடர்ந்தார். “அதுக்குத்தான் ஸ்பானிங் ட்ரீன்னு ஒரு ஏற்பாடு இருக்கு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண் உண்டு. அதை வெச்சு ஒருத்தர் தலைவர். மத்த ரெண்டு பேரும் தலைவர் கையைப் பிடிச்சுக்கணும், தங்களுக்குள்ள கையை விட்டுடணும். வட்டம் உடைஞ்சிடும். பிடிச்ச கை அறுந்துபோனா, விட்ட கையை மறுபடி கோத்துக்கலாம்.”

“உடனேவா?”

“அதெப்படி? திரும்பவும் வட்டமாயிடுமோன்னு நோட்டம் பாத்துட்டுதான் வழியைத் திறக்கும். அரை நிமிஷம் ஆகும்.”

“சரி, தலைவர் யாரு? பெரிய எண் வெச்சிருக்கிறவரா?”

“எண் குறைஞ்சவர்தான் தலைவர். எல்லாருக்கும் ஒரே எண்ணா இருந்தா, அநேகமா பழைய பெட்டி ஜெயிச்சிடும்.”

வயர் சார் தனக்குப் புத்தம் புதுப் பெட்டி வாங்கிக்கொண்டு, ஆபீஸில் கழித்துப் போட்ட கிழட்டுப் பெட்டியைத்தான் மனைவி தலையில் கட்டியிருந்தார். ஸ்பானிங் ட்ரீயைப் போட்டதும் நெட் எழுந்தது, அந்தக் கிழடு தலைவராகிவிட்டது. டீச்சர் அதை ஒரு துணியால் துடைத்து மேசை நடுவில் வைத்தார். வயர் சாரும் பெருமையில் தலைகால் புரியாமல், எண்ணை மாற்றும் இடம், கடவுச்சொல் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தார். கேட்டாளா? கேட்கவே இல்லை. இவராகத்தான் காட்டினார்!

இதனால் வந்த வினை அவருக்குப் பிறகுதான் உறைத்தது. கிழட்டுப் பெட்டி தலைவர் என்றால், ஹால் பெட்டியும் அவர் பெட்டியும் கையை விட்டுவிட்டன என்று அர்த்தம். அவருடைய நெட் முழுக்க டீச்சரின் மேசை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது.

அதில் என்ன கெட்டுப்போயிற்று என்கிறீர்களா? வயர் சார் ஞாயிறு தோறும் “ஆபீஸ் அவசரம்” என்று கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே நடப்பது செஸ். ஆன்லைன் போட்டியில் முகம் தெரியாத ஆட்களையெல்லாம் சாய்த்து இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார். வாழ்க்கையில் அவரைப் பார்த்து யாரும் கை தட்டியதில்லை. ஒரே ஒரு தடவை எதிலாவது ஜெயித்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்த ஆட்டம் இன்றைக்குத்தான்.

மாடியில் தண்ணீர்த் தொட்டியோ கழுவாமல் கிடந்தது. குழாயைத் திறந்தால் பாசி வந்தது.

நேற்று டீச்சர் சாவகாசமாகக் கேட்டார். “ஏங்க, ஆபீஸ் மீட்டிங்னா விளக்கு விடாம மினுக்கும்தானே? போன ஞாயிறு என் பெட்டியில உங்க வயரோட விளக்கு ஒரு வெட்டு வெட்டுது, அப்புறம் சாதுவா இருக்கு. ரொம்ப நேரம் கழிச்சு இன்னொரு வெட்டு. அப்படி யோசிச்சு யோசிச்சுப் பேசுற ஆபீஸ் எது?”

அதுதான் காலைச் சபதத்துக்குக் காரணம். வயரைப் பிடுங்கினால் விளக்கே அணைந்துபோய்க் காட்டிக்கொடுத்துவிடும். தலைவர் பதவியைப் பிடித்தால்தான் அவர் நெட் சத்தமில்லாமல் ஹால் வழியே நேராகப் போகும்.

அறைக்குள் நுழைந்து தன் எண்ணை எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு இறக்கினார். ‘தலைவர்’ என்று வந்தது. எழுந்து ஒரு நடை நடந்தார். திரும்பிப் பார்த்தால் பதவி போயிருந்தது.

“என்ன பண்ணினே?” என்று கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

“நாலாயிரத்துச் சொச்சம் போட்டேன். நான் உங்களுக்குக் கீழேயே இருந்துட்டுப் போறேங்க.”

வயர் சார் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைத் திறந்தார், மூடினார். காபி ஆறி ஆடை கட்டியது. கடைசியில் ஒரே போடாகப் பூஜ்யம் போட்டார். அதற்குக் கீழே எண் கிடையாது. யாரால் என்ன செய்ய முடியும்!

“நானும் பூஜ்யம்!” என்று அந்த அறையில் இருந்து குரல் வந்தது. “ரெண்டும் ஒரே எண். பழைய பெட்டி ஜெயிச்சிடுச்சு பாருங்க!”

பழைய பெட்டியை அவள் தலையில் கட்டிய புண்ணியவானை வயர் சார் மனசுக்குள் வண்டி வண்டியாகத் திட்டினார். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது.

ஆட்டம் என்றால் அப்படி ஓர் ஆட்டம்! எதிராளியின் ராணியைத் தூக்கினார். ராஜாவை மூலைக்கு விரட்டினார். ஆனால் காலையில் இருந்து இருப்புக்கொள்ளாமல் அலைந்த மனசு ஒவ்வொரு காயையும் பத்துத் தடவை தொட்டுத் தொட்டு யோசித்ததில், அவர் முறையில் மட்டும் ஓடுகிற அவரது ஆட்டக் கடிகாரம் கரைந்துகொண்டே வந்தது. இன்னும் இரண்டே நகர்த்தல். கோப்பை கைக்கெட்டும் தூரம்.

கதவுக்கு வெளியே வாளி வைக்கும் சத்தம்.

“என்னங்க, தொட்டியைக் கழுவ வர்றீங்களா, இல்ல என் பெட்டியை அணைக்கட்டுமா?”

“அஞ்சே நிமிஷம், தாயே! ஆபீஸ்ல தலை போற விஷயம்!”

“பத்து எண்றதுக்குள்ள கதவு திறக்கலைன்னா அணைச்சிடுவேன். ஒண்ணு... ரெண்டு...”

அணைத்தால் நெட் அறுந்து, ஹால் வழி திறக்க அரை நிமிஷம். அவர் கடிகாரத்தில் மிச்சம் அவ்வளவு இல்லை. அவர் முறையில் அறுந்தால் தீர்ந்தது கதை.

“அஞ்சு... ஆறு...”

அப்போதுதான் மூளை மின்னியது. எப்படியும் அறுபடப்போகிறது. எதிராளி யோசிக்கிற நேரத்தில் நாமே அறுத்துவிட்டால்? அவன் கடிகாரம் ஓடும். அவன் யோசித்து முடிப்பதற்குள் ஹால் வழி திறந்துவிடும். அப்புறம் இவள் எதை அணைத்தால் நமக்கென்ன! குதிரையை நகர்த்தினார். “எட்டு...” மேசைக்கு அடியில் பாய்ந்து, மனைவியின் அறைக்குப் போகிற வயரைப் பிடுங்கி எறிந்தார்.

திரை உறைந்தது. பரவாயில்லை. வயர் சார் நகத்தைக் கடித்தார். சுவரைக் குத்தினார். விளக்கைக் கெஞ்சினார். நோட்டம் பார்க்கிற பெட்டி அதுபாட்டுக்கு ஆற அமர நோட்டம் பார்த்தது. அரை நிமிஷம் இத்தனை நீளம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

திரை உயிர் பெற்றது. எதிராளி யோசிக்கவே இல்லை போலிருக்கிறது. குதிரை நகர்ந்த மறு நொடியே பதில் போட்டிருந்தான். அதற்கப்புறம் ஓடியதெல்லாம் வயர் சாரின் கடிகாரம். ‘நேரம் முடிந்தது. நீங்கள் தோற்றீர்கள்’ என்று திரை மரியாதையாகச் சொன்னது.

அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது. கதவைப் படாரென்று திறந்தார். “உன்னாலதான்! ஜெயிச்ச ஆட்டம்! உன் பெட்டியை அணைக்கிறேன்னு சொன்னதாலதான்...”

டீச்சர் வாளியும் பிரஷ்ஷுமாக நின்றார். அவருக்குப் பின்னால், திறந்திருந்த அறையின் மேசை நடுவில், வயர் சாரின் வயருக்கான விளக்கு மட்டும் அணைந்திருக்க, மற்ற விளக்குகள் எரிய, கிழட்டுப் பெட்டி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

“நான் எங்கங்க அணைச்சேன்? அணைக்கிறதாவும் இல்ல,” என்று பிரஷ்ஷை அவர் கையில் வைத்தார் டீச்சர். “நான் மிரட்டினதோட சரி. நகர்த்தினது நீங்க.”