பூசணிக்காய்க்குக் கிடைத்த உத்தரவு

எருமப்பட்டிக்கு வெளியே, சோளக்காட்டு மேட்டில், அம்மன் கண்ணில் சிவப்பு விளக்கு எரிகிறதாம்! நல்லவர் தொட்டால் எரியுமாம், தோஷக்காரர் தொட்டால் எரியாதாம்! நம் ஜனங்களுக்கு இது போதாதா? நாமக்கல் பஸ்ஸின் கூரை மேலெல்லாம் ஆள். ராசிபுரத்துக்காரர்கள் லாரி பிடித்தே வந்தார்கள். கிணறு வெட்டவா, பெண் எடுக்கவா, எல்லாவற்றுக்கும் அங்கே அம்மனை வைத்திருந்த ஜோதிச்சாமி என்ற சாமியாரிடம்தான் உத்தரவு.

முன்பெல்லாம் ஆட்டின் முதுகில் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பை உதறினால் சாமி சம்மதித்ததாக அர்த்தம். ஆட்டுக்காவது குளிர் எடுத்தது, உதறியது. இப்போது 1983. காலம் முன்னேறும்போது ஏமாறுவதும் முன்னேற வேண்டாமா?

அந்த மேட்டில் வந்து நின்ற வசந்தாமணி லேசுப்பட்டவள் அல்ல. சேலத்தில் தங்கிப் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவள். டிரான்சிஸ்டர் படம் வரைந்து, மூன்று காலுக்கும் பெயர் எழுதி, முதல் வகுப்பில் தேறியவள். அதெல்லாம் பரீட்சைக்கு! அம்மனுக்கு முன்னால் அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவளுக்கும் மயில்சாமிக்கும் கல்யாணம் பேசியாயிற்று. இருவருக்கும் ரொம்பப் பிடித்திருந்தது. மயில்சாமியின் அம்மா ஆத்தாயிதான், "எதுக்கும் ஒரு பேச்சு அம்மனைக் கேட்டுப்போடலாமுங்க" என்று இழுத்தாள்.

அம்மன் காலடியில் இரண்டு பித்தளைத் தட்டுகள். ஆளுக்கு இரண்டு கை, தட்டுக்கு ஒன்று. சாமியார் வசந்தாமணியின் உள்ளங்கைகளில் திருநீற்றை அப்பி, வைக்கச் சொன்னார். வைத்தாள். கண் எரியவில்லை.

"தோஷம்!" என்றார் சாமியார். "இந்தப் பொண்ணு ஊட்டுக்குள்ள வந்தா மாமனாருக்கு ஆகாது. வெள்ளிக்கெழமை பரிகாரம் பண்ணோணும். ராசிபுரத்து நெய்யி ஒரு டின்னு, பட்டுச்சீலை, பெரிய வெள்ளைப் பூசணிக்காய்."

"பொறவு எரியுமுங்களா சாமி?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா சென்னியப்பன்.

அது நெய்யைப் பொறுத்தது என்று சாமியார் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆத்தாயி மட்டும் வாய்விட்டுச் சொன்னாள். "அன்னைக்கும் எரியலீன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாமுங்க." வசந்தாமணி வீடு போய்ச் சேரும்வரை அழுதாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நெய், சேலை, பூசணிக்காயோடு வசந்தாமணி வரிசையில் நின்றாள். ஆத்தாயியும் மயில்சாமியும் கூடவே வந்திருந்தார்கள். அவளுக்கு முன்னால் ஒரு போர்வெல் லாரி முதலாளி. உண்டியலில் நோட்டு விழுந்தது. சாமியார் அவர் கைகளில் தீர்த்தத்தைத் தாராளமாக ஊற்றினார். அம்மன் கண் பளிச்சென்று எரிந்தது. அடுத்து நின்ற ராமாத்தாள் என்ற கிழவி சில்லறை போட்டாள். அவள் கைக்குத் திருநீறு. கண் எரியவில்லை.

"கெணறு வெட்டாதே, குடும்பம் அழிஞ்சு போயிரும்" என்றார் சாமியார். காடு காய்ந்து கிடந்த அந்தக் கிழவி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

வசந்தாமணிக்குச் சுருக்கென்றது. ஈரக் கைக்கு எரிகிறது, சாம்பல் கைக்கு எரியவில்லை. அட கடவுளே என்று சொல்ல வந்தவள், யோசித்து அதையும் நிறுத்திக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. நெய் டின்னைப் பார்த்த சாமியார் சிரித்தபடி தீர்த்தச் சொம்பைத் தூக்கினார். பேசாமல் கையை நீட்டினால் விளக்கு எரியும், கல்யாணம் நடக்கும். எதிர்த்துப் பேசினால் மயில்சாமி கைவிட்டுப் போகலாம். ராமாத்தாளை ஒரு பார்வை பார்த்தாள். நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"சாமி, மொதல்ல இந்தப் பூசணிக்காய்க்குத் தோஷம் இருக்குதான்னு பாத்துப்போடலாமுங்க."

சாமியார் தடுப்பதற்குள், பரிகாரக் காய் வெட்ட அங்கே வைத்திருந்த அரிவாளை எடுத்துக் காயை இரண்டாகப் பிளந்தாள். ஒரு பாதியை, வெட்டிய ஈரப்பக்கம் கீழே இருக்க, இரண்டு தட்டுக்கும் பாலமாக வைத்தாள். அம்மன் கண் ஜெகஜ்ஜோதியாக எரிந்தது!

"அடேங்கப்பா! பூசணிக்காய்க்குக் கல்யாண உத்தரவு வந்திருச்சுடோய்!" என்று யாரோ கத்த, கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"அது அம்மனுக்குன்னு கொண்டாந்த காயி, அதான் எரியுது!" என்று சாமியார் சமாளித்தார்.

"அப்ப நீங்க வெய்யுங்க" என்று முன்னால் வந்தவள், யாரென்று நினைக்கிறீர்கள்? ஆத்தாயியேதான்! பூசணியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, திருநீற்றுத் தட்டை எடுத்து அவர் உள்ளங்கைகளில் கனமாக அப்பினாள். சாமியார் வைத்தார். கண் எரியவில்லை.

"ஏனுங்க, சாமிக்கே தோஷமுங்களா?" என்றாள் ஆத்தாயி.

நழுவப் பார்த்தவரை மயில்சாமி பிடித்துக்கொண்டான். சிலைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு சோப்புப் பெட்டியை இழுத்தான். உள்ளே பேட்டரி, ஒயர், மூன்று காலோடு ஒரு குட்டிச் சாமான்.

"இதுக்குப் பேருதான் டிரான்சிஸ்டருங்க" என்றாள் வசந்தாமணி. "ஒரு காலுல துளி கரண்டு போனாப் போதும், மத்த ரெண்டு காலுக்கு நடுவுல நெறையக் கரண்டைத் தொறந்து உட்டுரும், மடை தொறக்கற மாதிரி. ஈரக் கை அந்தத் துளியை உடும். சாம்பல் பூசுன கை உடாது. நல்லவன் கெட்டவனெல்லாம் இதுக்குத் தெரியாதுங்க. படிச்ச எனக்கே இத்தனை நாளு தெரியல, வெக்கமா இருக்குது."

ஆத்தாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உட்டுத்தள்ளு அம்மிணி. தை மாசமே கல்யாணம். ஆரையும் கேக்கறாப்புல இல்ல." ராமாத்தாள் அதற்குள் கிணறு வெட்ட ஆள் பிடிக்கக் கிளம்பியிருந்தாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பிப் பார்த்தால், பூசணிக்காய்க்கு யாரோ குங்குமம் வைத்திருக்கிறார்கள்! ஒருவர் கற்பூரம் ஏற்றுகிறார். இன்னொருவர், "பூசணியாத்தா, எம்மவனுக்கு வேலை கெடைக்குமா?" என்று உருகுகிறார்.

வசந்தாமணி அந்தக் காயை வெடுக்கென்று எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்குள்ள வெதை இருக்குதுங்க. நம்ம மண்டைக்குள்ள இருக்கறது என்னன்னு ஊட்டுக்குப் போயி யோசனை பண்ணுங்க. எரியுதா எரியலையான்னுதானே இத்தனை பேரும் பாத்தோம்? ஏன் எரியுதுன்னு ஒருத்தராவது கேட்டமுங்களா?"