முகத்தைப் பார்த்து எடுத்த ஆரத்தி

ஓரகத்தி நம்மைவிட அழகாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். நகை கூடுதலாகப் போட்டு வந்தாலும் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு மறந்துவிடலாம். அவளுக்கு அரசியல் தெரிந்திருந்தால் மட்டும் வயிறு எரிந்துகொண்டே இருக்கும். எனக்கு எரிந்தது. இப்போதும் கொஞ்சம் எரிகிறது.

ரேவதி என் கொழுந்தனாரின் மனைவி. புளியங்குடிக்காரி. எனக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வந்தவள். அவள் வந்த கொஞ்ச நாளிலேயே மாமா பேப்பரின் முதல் பக்கத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, சமையல் குறிப்பு வருகிற இணைப்பை என் பக்கம் நீட்ட ஆரம்பித்தார். என் வீட்டுக்காரரும் தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தால், "ரேவதி, இந்தத் தடவை காத்து எங்கன அடிக்கு?" என்று அவளிடம்தான் கேட்பார். என்னிடம் கேட்பது ரசம் இருக்கிறதா என்று மட்டும்தான். (இருக்கும். அவர் அவளிடம் பேசிய நாட்களில் கொஞ்சம் தண்ணியாகவே இருக்கும்.)

எனக்கும் அரசியல் புரிய வேண்டும் என்று ஆசைதான். டிவியில் விவாதம் பார்ப்பேன். கரண்ட் கட்டணத்தை ஏற்றாமல் முடியாது என்று ஒருவர் விளக்குவார். சரிதானே என்று தோன்றும். ஏற்றினால் விசைத்தறிக்காரன் தெருவுக்கு வந்துவிடுவான் என்பார் அடுத்தவர். ஐயோ, இதுவும் சரிதானே என்று தோன்றும். நூல் விலை ஏன் ஏறுகிறது என்றால் மாநிலத்துக்காரர் மத்தியைக் கைகாட்டுவார், மத்திக்காரர் மாநிலத்தைக் கைகாட்டுவார், நான் ரிமோட்டைத் தேடுவேன். கட்சிப் பெயர்களோ அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை மாதிரி ஒரே சாயல். கொடிகளிலும் அதே இரண்டு மூன்று நிறங்கள் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். போதாததற்குக் கூட்டணி வேறு. போன தடவை ஒருவரையொருவர் திட்டியவர்கள் இந்தத் தடவை ஒரே ஜீப்பில் நிற்பார்கள்.

அதனால் எனக்கென்று ஒரு சுலபமான வழி வைத்திருந்தேன். எங்கள் தெருவில் சுப்பையா அண்ணாச்சி என்று ஒருவர், மாமாவின் கட்சிக்காரர். தேர்தல் வந்தால் இருவரும் சேர்ந்தே அலைவார்கள், காபி எங்கள் வீட்டில்தான். அண்ணாச்சி நிற்கிற பக்கம் நம்ம கட்சி. கொள்கை, கொடி, கரை வேட்டி எதையும் நான் பார்த்ததில்லை.

ஒரு தேர்தல் சமயம், காலையில் மாமா சொன்னார்: சாயங்காலம் நம்ம வேட்பாளர் தெருவுக்கு வருகிறார், முதல் ஆரத்தி நம்ம வீட்டு ஆரத்தி. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மூத்த மருமகள் நான்தானே. ஆனால் மாமா, "ரேவதி முன்னால நிக்கட்டும். அவரு எதும் கேட்டா பதில் சொல்லுவா. கோமதி, நீ ஆரத்தியக் கரைச்சு வச்சிரு" என்று முடித்துவிட்டார்.

கரைத்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து தாம்பாளத்தில் சிவந்ததைவிட என் முகம் அதிகம் சிவந்திருக்கும். ரேவதி உள்ளே பட்டுப்புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் வெடிச்சத்தம். எட்டிப் பார்த்தேன். ஜீப்புக்கு முன்னால் கும்பிட்டபடி வருகிறவர் சாட்சாத் சுப்பையா அண்ணாச்சி. மாமாவைக் காணோம். (பின்னால் எங்காவது வருவார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.) ரேவதி வருவதற்குள் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வேட்பாளர் இறங்கினார். சுற்றினேன், பொட்டு வைத்தேன். அண்ணாச்சி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"எம்மா, மாமாவுக்குத் தெரிஞ்சா வந்திருக்க?"

ரேவதிதான் பதில் சொல்வாளா, எனக்குச் சொல்லத் தெரியாதா என்ற வேகம் எனக்கு. "மாமா சொல்லித்தான் வந்தேன் அண்ணாச்சி. எங்க வீட்டு ஓட்டு அம்புட்டும் உங்களுக்குத்தான்" என்றேன்.

அடுத்த நொடி ஜீப்பிலிருந்த மைக், மாமாவின் பெயரைச் சொல்லி, அந்த மூத்த தொண்டரும் அவருடைய குடும்பமும் நம்ம பக்கம் வந்துவிட்டதாகத் தெரு முழுக்க முழங்கியது.

பட்டுப்புடவையோடு வாசலுக்கு வந்த ரேவதி தலையில் கைவைத்தாள். அண்ணாச்சிக்குப் பதவி கிடைக்கவில்லை என்று கோபம், முந்தின நாள்தான் எதிர்க்கட்சியில் போய்ச் சேர்ந்திருக்கிறார். செய்தி பேப்பரின் முதல் பக்கத்தில் வந்ததாம். எனக்குக் கிடைத்த பக்கத்தில் வாழைப்பூ வடைதான் வந்திருந்தது.

மாமா அப்போது பக்கத்துத் தெருவில் மாலையோடு தன் வேட்பாளருக்காகக் காத்திருந்தார். ஸ்பீக்கர் சத்தம் அங்கேயும் கேட்டிருக்கிறது. கூட நின்றவர்கள் ஒவ்வொருவராக அவரைவிட்டுத் தள்ளி நின்றார்களாம். அத்தனை வருஷம் கட்சிக்காக உழைத்த மனுஷன், தான் எங்கேயும் போகவில்லை என்று சங்கரநாராயண சாமி மேல் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்தவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எம்மா, அவன் கட்டியிருந்த கரையப் பாக்கலியா?"

"நான் மூஞ்சியத்தான் பாத்தேன் மாமா."

மாமாவின் வேட்பாளர் வந்தபோது என்னை அடுப்படியைவிட்டு வெளியே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ரேவதி ஆரத்தி எடுத்து, நூல் விலையைப் பற்றி ஏதோ கேட்டாள். "படிச்ச பிள்ளை" என்று அவர் பாராட்டியது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது. கேட்கவேண்டாம் என்று குக்கரை அடுப்பில் வைத்தேன், பாழாய்ப்போனது விசிலும் அடிக்கவில்லை. பிறகு அவளே வந்து கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் தரையில் பரப்பி யார் யாரோடு கூட்டணி என்று எனக்குப் பொறுமையாக விளக்கினாள். அந்தப் பொறுமையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

தேர்தல் முடிந்தது. அங்கேயும் அண்ணாச்சிக்குப் பதவி கிடைக்கவில்லை. ஒருநாள் பழைய கரை வேட்டியோடு எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார், தாய்க்கட்சிக்குத் திரும்பிவிட்டாராம். மாமா காபி கொண்டுவரச் சொன்னார். டம்ளரை வாங்கிக்கொண்ட அண்ணாச்சி, "நான் கட்சி மாறினப்பவும் என்னைய மதிச்சது இந்தப் பிள்ளை ஒண்ணுதான்" என்று கண்கலங்கினார்.

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த வீட்டுக்கு நான் வந்ததிலிருந்து அப்படி மரியாதையாக ஒரு பார்வை எனக்குக் கிடைத்ததில்லை. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து ரேவதி, "அக்கா ஆரத்திய எடுத்திருவாவ, கட்சி பிறகு வந்து சேரும்" என்றாள். மாமா, அண்ணாச்சி, என் வீட்டுக்காரர் எல்லோரும் சிரித்த சிரிப்பில் தறிச்சத்தமே கேட்கவில்லை.

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யாராவது யோசிக்காமல் ஒன்றைச் செய்துவிட்டால் அந்த வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். மேலநீலிதநல்லூர்வரை போயிருக்கிறது. மானம் போனது எனக்கு. பெயர் என்னவோ, "எப்படிச் சொன்னா பாத்தியா" என்று ரேவதிக்குத்தான்.